போடிமெட்டு ஏறுமா மின்சார கார்?

நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் தேர்வானபோது தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து மக்கள் எழுப்பிய கேள்விகளை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. மின்சார கார் வாங்கத் தயங்கும் ஓட்டுநர்களையும் இன்று பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் கார் ஓட்டிப் பிழைப்பவரின் கணக்கைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தத் தயக்கத்தில் கணிசமான நியாயம் தெரியும்.

முதல் பயம் மலை. போடியிலிருந்து போடிமெட்டு வழியே மூணாறு போக 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். நடுவழியில் சார்ஜ் இறங்கினால் என்ன கதி? இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு காருக்குச் சாதகம். ஒன்றரை டன் எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். வழக்கமான ஓட்டத்துக்கு ஆவது தனி. 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்சார காரின் பேட்டரியிலேயே 30.2 யூனிட் நிற்கும். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து, செலவானதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். அடிவாரத்து முந்தல் வந்து சேர்வதற்குள் பிரேக் சூடாகி நாற்றமடிக்கும் அவஸ்தையும் குறையும்.

சபரிமலை சீசன்தான் நிஜமான சிக்கல். கார்த்திகை பிறந்தால் தை வரை குமுளி வழியே வண்டிகள் ஓய்வதில்லை. ஒரு ட்ரிப் இறக்கிவிட்டு அடுத்த ட்ரிப் ஏற்றும் டாக்ஸிக்காரருக்கு டீசல் போட ஐந்து நிமிடம் போதும். சார்ஜருக்காக ஒரு மணி நேரம் நின்றால், வருடத்திலேயே நல்ல வருமானம் வரும் நாட்களில் ஒரு சவாரி போய்விடும்.

அடுத்தது கரண்ட் பில். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் சொந்தக் காருக்கு இரண்டு மாதத்தில் சுமார் 350 யூனிட் ஆகும். ஏற்கெனவே 300 யூனிட் எரிக்கும் வீடு 500ஐத் தாண்டி அதிகக் கட்டண வரிசைக்குப் போய்விடும். அப்போது காருக்கு மட்டுமல்ல, வீட்டு விளக்குக்கும் விலை கூடுகிறது. காரைத் தெருவில் நிறுத்துபவருக்கோ வீட்டில் சார்ஜ் போடவே வழியில்லை.

பேட்டரி உத்தரவாதம் பரவலாக 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். எது முந்துகிறதோ அது. மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி நாற்பதே மாதத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதன்பின் அதை என்ன விலைக்கு விற்பது? பழைய டீசல் வண்டியின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே விலை சொல்லும் தரகருக்கு, பேட்டரியின் ஆயுளை அப்படிக் கணிக்க முடியாது.

நார்வேயைப் பாருங்கள் என்பார்கள். அங்கே 2024இல் விற்ற புதிய கார்களில் 89 சதவீதம் மின்சாரத்தில் ஓடுபவை. ஆண்டுக்கணக்கான வரிவிலக்கும் சார்ஜர்களும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. இங்கே 5 சதவீத ஜிஎஸ்டியும் சாலை வரி விலக்கும் புதுக் கார் வாங்குபவருக்கு உதவும். செகண்ட் ஹேண்ட் வண்டியில் தொழில் தொடங்குபவருக்கு அவற்றால் என்ன பயன்?

லோயர் கேம்ப்பில் நீரும் ஆண்டிபட்டிப் பகுதியில் காற்றும் மின்சாரமாகும் மாவட்டம் இது. காருக்குத் தனி மீட்டரும் தனிக் கட்டணமும், பழைய பேட்டரிக்கு அரசு அங்கீகரித்த பரிசோதனைச் சான்றும் இங்கே முதலில் வரட்டும். பக்தர்கள் தரிசனம் முடித்துத் திரும்பும்வரை டாக்ஸிகள் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும், சபரிமலைப் பாதையிலுள்ள நிலக்கல்லில் போதுமான சார்ஜர்கள் அமைய, கேரள அரசுடன் தமிழ்நாடு பேச வேண்டும்.