முனியாண்டி ஐயாவுக்குச் சுருட்டு வைங்க, கோவில் பின்னால கச்சேரி வைக்காதீங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில விட்டுட்டுப் போய் "தொண்டர்கள் சாமிக்குப் படையல் வேணாம்னு சொல்றாங்க"ன்னு வாட்ஸாப்ல கிளப்பி விடாதீங்க. முழுசா படிங்க, அப்புறம் திட்டுங்க.

போன ஆடி வெள்ளி நடந்ததைப் பத்தி ஆளுக்கு ஒரு கதை ஓடுது. ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல குப்பை கூட்டினது நாங்க. அதனால எங்க கதையையும் கேளுங்க.

கிடா வெட்டு இல்லாத பூசைதான், உங்களுக்கே தெரியும். உருமி மேளம் வந்தது, பொங்கல் வெச்சோம், கோழிக் குழம்பு, கருவாடு, முட்டை, சுருட்டு, ஐயாவுக்கு வழக்கமா வைக்கிற கறுப்புத் தண்ணி ஒரு போத்தல். பதினோரு மணி போல ஏழெட்டுப் பேர் ரெண்டு கார்ல வந்து இறங்கினாங்க. நல்ல பிள்ளைங்கதான். எல்லாரும் வேட்டி. ஒருத்தர் கையில மரப்பெட்டி, பின்னால ரெண்டு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு வர்றாங்க. உள்ள என்னான்னு கேட்டோம். "ஐயாவுக்குக் கியூபா சுருட்டு அண்ணே, கிராஃப்ட் பீர்"ன்னாங்க. ஒரு சுருட்டு நூறு வெள்ளிக்கு மேலயாம். எங்கள்ல ஒருத்தர் வாயைப் பொளந்தார். ஐயாவுக்கு நல்லது கொண்டு வந்திருக்காங்க, வேணாம்னு சொல்ல நாம யாருன்னு வழி விட்டோம். அங்கதான் முதல் தப்பு, எங்க தப்பு.

சாமி இறங்கினப்போ அந்தச் சுருட்டைத்தான் கையில குடுத்தாங்க. பத்த வெச்சா புகை வரல. மறுபடி பத்த வெச்சாங்க, வரல. மூணாவது தடவையும் வரலைன்னதும் சாமி தூக்கி வீசிடுச்சு. கூட்டம் அப்படியே அமைதி ஆயிடுச்சு. "ஐயா ஏத்துக்கல, வீட்டுல ஏதோ குறை இருக்கு"ன்னு ரெண்டு அக்கா அழவே ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் அந்தத் தம்பி ஓடி வந்து சொல்றார், "தலைப்பக்கம் மூடியிருக்கும் சாமி, கட்டர் வெச்சு வெட்டணும், குடுங்க வெட்டித் தர்றேன்". சாமிகிட்டப் போய் சுருட்டைத் திருப்பிக் கேட்டவரை நாங்க இப்பதான் முதல் தடவையா பாக்குறோம்.

சிரிப்பு வருது இல்ல? எங்களுக்கும் வந்தது. ஆனா அதுல ஒரு சங்கதி இருக்கு. நம்ம ஊர்ச் சுருட்டு ரெண்டு பக்கமும் திறந்திருக்கும். கத்தி வேணாம், பெட்டி வேணாம், ஈரப்பதம் பாக்கிற மீட்டர் வேணாம். பாக்கெட்ல இருந்து எடுத்தா பத்த வெச்சிடலாம். திண்டுக்கல்லயும் திருச்சி உறையூர்லயும் சுருட்டினதைத்தான் கப்பல்ல வந்த நம்ம ஆளுங்க பழகியிருந்தாங்க. வெள்ளைக்காரன் சொல்ற 'செரூட்'டே நம்ம 'சுருட்டு'தான், நம்ம வாயில இருந்துதான் அவன் எடுத்துக்கிட்டான். கித்தா காட்டுல விடியக்காலை மூணு நாலு மணிக்கு எழுந்து பால்மரம் வெட்டப் போன கிழவனுக்குக் கொசுவுக்கும் குளிருக்கும் அதுதான் துணை. அவன்கிட்ட தங்கம் இல்ல, பட்டு இல்ல. தன்கிட்ட இருந்ததுல தனக்குப் பிடிச்ச ஒண்ணை எடுத்து ஆலமரத்தடிக் கல்லுக்கு வெச்சான். "நான் குடிக்கிறதை நீயும் குடி, என் பிள்ளைங்களைப் பாம்பு தீண்டாம பாத்துக்க"ன்னான். முனியாண்டி கையில சுருட்டு வந்த கதை எங்க பாட்டன் சொல்லி எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

அதனால, "சுருட்டு சாராயமெல்லாம் சைவம் இல்ல, எடுத்துடுங்க, ஆகம முறைப்படி மாத்துங்க"ன்னு நோட்டீஸ் அடிச்சுக்கிட்டு வர்ற கூட்டத்தோடவும் எங்களுக்கு ஒத்து வராது. அவங்க பேச்சுல சாமியை விட வெட்கம்தான் அதிகம் தெரியுது. தோட்டத்துக்காரன் சாமியை டவுன்காரன் சாமியாக்கி, பக்கத்து வீட்டுக்காரன் முன்னால காட்டணும்னு ஒரு ஆசை. காவல் தெய்வத்துக்குக் காவல் தெய்வத்தோட படையல். அது இருக்கும்.

சரி, பின்னால நடந்ததுக்கு வர்றோம்.

பூசை முடிஞ்சு சனங்க வரிசையில நின்னு சோறு வாங்கிட்டு இருக்காங்க. பாத்திரம் கழுவுற குழாய்ப் பக்கம், மாமரத்தடியில, இந்தக் கூட்டம் நாற்காலி போட்டு உக்காந்தாச்சு. ஐயாவுக்கு ஒரு சுருட்டு, ஒரு போத்தல். மிச்சப் பெட்டி இவங்களுக்கு. பொய் சொல்லக் கூடாது, அந்த மரப்பெட்டித் தம்பி எங்களையும் கூப்பிட்டு நல்லா விளக்கினார். உள்ள நிரப்பு இலை, அதைச் சுத்திக் கட்டு இலை, மேல போர்வை இலைன்னு மூணு தனித்தனி இலையாம். போர்வை கறுப்பா இருந்தா இனிப்பும் காப்பி வாசனையும் வரும், அதுக்கு ஸ்டவுட் மாதிரி கறுப்பு பீர் ஜோடி. வெளிர் இலைக்கு லேசான பீர். கசப்பு அதிகமான பீரை மென்மையான சுருட்டோட வெச்சா பீர்தான் ஜெயிக்கும். புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கக் கூடாது, வாயில வெச்சு ருசி பாத்து விட்டுடணும். ஒரு சுருட்டு முக்கால் மணி நேரம் ஓடுமாம். தெரிஞ்சவர், பொறுமையா சொன்னார். அவர் வீட்டு வாசல்ல உக்காந்து சொல்லியிருந்தா நாங்களும் ஒரு மணி நேரம் கேட்டிருப்போம். வயசு வந்தவர், சொந்தக் காசு, சொந்த ருசி. அதுல எங்களுக்கு வழக்கு இல்ல. நெஞ்சுக்குள்ள இழுக்கலைன்னாலும் வாய்ப் புற்று, தொண்டைப் புற்று வரும்கிறது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். பெரிய சுருட்டு ஒண்ணுல ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம்னு மட்டும் தெரிஞ்சுக்கங்க.

எங்க வழக்கு வேற. விடியறதுக்குள்ள நாங்க பொறுக்கினது நாப்பத்தோரு போத்தலும் டின்னும். சாம்பல் தட்ட எதுவும் கிடைக்கலைன்னு அகல் விளக்கை எடுத்திருக்காங்க. நாகம்மா சன்னதியில ஒரு அக்கா வேண்டுதலுக்கு ஏத்தின விளக்கு. எண்ணெயில சுருட்டுத் துண்டு மிதக்குது. அதைக் கையில எடுத்தவர் எங்கள்ல வயசான தொண்டர், அறுபத்தெட்டு வயசு. ஒண்ணும் சொல்லல. கழுவி வெச்சார். மறுநாள் அவர் கோவிலுக்கு வரல.

அதோட முடியல. உருமி அடிச்ச பையன்கள்ல ஒருத்தன் நாலாம் படிவம் படிக்கிறான். "நல்லா அடிச்சடா தம்பி"ன்னு அவன் கையில ஒரு டின். "பிரசாதம்டா, வேணாம்னு சொல்லக் கூடாது". இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவே. பிரசாதம்னு சொன்னா நம்ம வீட்டுப் பிள்ளை மறுக்காது. மறுக்கக் கூடாதுன்னு சொல்லி வளர்த்தது நாமதான். கீழ விழுந்தா எடுத்துக் கண்ணுல ஒத்திக்கச் சொன்னதும் நாமதான். அந்த வார்த்தையை வெச்சே பதினாறு வயசுப் பையனுக்கு ஊத்திக் குடுத்திருக்காங்க. இந்த நாட்டுல மது வாங்குற வயசு 2017 டிசம்பர்ல இருந்து இருபத்தொண்ணு. திங்கக்கிழமை அவன் அம்மா வந்தாங்க. சத்தம் போடல. "கோவிலுக்குத்தானே அனுப்பினேன்"ன்னு மட்டும் கேட்டாங்க. அவன் அப்பா எப்படிப் போனார்னு இங்க பழைய ஆளுங்களுக்குத் தெரியும், நாங்க எழுத வேண்டியதில்ல.

இதைச் சொன்னா ஒரு கேள்வி வருது. நல்ல கேள்விதான். "கோழியைப் படைச்சு எல்லாரும் சாப்பிடலாம், பீரைப் படைச்சு நாங்க குடிக்கக் கூடாதா? தாத்தா கள்ளு வெச்சா பக்தி, நாங்க கிராஃப்ட் பீர் வெச்சா கூத்தா? காசு இருக்கிறவனைப் பாத்தா உங்களுக்கு வயித்தெரிச்சல்."

காசு விஷயம் இல்ல தம்பி. கோழிக் குழம்பு வரிசையில நிக்கிற எல்லார் தட்டுலயும் விழுது. கிழவி, கைப்பிள்ளை வெச்சிருக்கிற பொண்ணு, ரோட்டுல போன நேப்பாளத் தொழிலாளி, எல்லாருக்கும். உங்க ஐஸ் பெட்டி எட்டுப் பேருக்கு. ஒரு பிள்ளை கையில கொடுக்க முடியாததுக்குப் பிரசாதம்னு பேர் வைக்காதீங்க. ஐயாவுக்கு வெச்சது ஐயாவோடவே போகட்டும், அவர் காலடி மண்ணுல ஊத்திடலாம். எங்க பக்கத்துத் தோட்டத்துல அப்படித்தான் செஞ்சாங்க. தாத்தா தன் பங்கைக் கொடுத்துட்டு அன்னிக்குச் சும்மா இருந்தார். நீங்க ஐயாவுக்குப் பங்கு கொடுத்துட்டு மத்ததை எடுத்துக்கிறீங்க.

தாத்தா கள்ளைப் பத்திப் பேசும்போது மறு பாதியையும் பேசணும். தோட்டத்துக்குள்ளயே கள்ளுக்கடை. காலையில வெட்டின பாலுக்குக் கிடைச்ச கூலி சாயங்காலம் அங்கயே போகும். துரைக்கு ஆளும் கிடைச்சது, ஆள் அடங்கியும் கிடந்தான். அது புரிஞ்சவங்க சும்மா இருக்கல. 1941-ல கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சப்போ கேட்டதுல கூலி உயர்வு மட்டும் இல்ல, கள்ளுக்கடையை மூடுங்கிறதும் ஒண்ணு. போர் முடிஞ்சு கெடாவுல, பீடோங் பக்கத்துத் தோட்டங்கள்ல, கள்ளுக்கடை வாசல்ல மறியல் செஞ்ச இளைஞர் படைக்கு என்ன பேர் தெரியுமா? தொண்டர் படை. 1947-ல போலீசோட மோதல் வரைக்கும் போனது, உயிரும் போச்சு. அவங்கள்ல எத்தனையோ பேர் அதே முனியாண்டியைக் கும்பிட்டவங்கதான். படையலையும் விட்டுக் கொடுக்கல, கடையையும் விட்டு வைக்கல. நாங்க சட்டையில குத்திக்கிற 'தொண்டர்' பேட்ஜைப் பாக்கும்போது, எங்களுக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கு.

ஏன்னா எங்க கணக்கையும் சொல்லியாகணும். அந்தக் கூட்டம் போன வருஷமும் வந்தது. அப்ப அன்னதானத்துக்கு ஐந்நூறு வெள்ளி உபயம் கொடுத்தாங்க. அரிசி, கேஸ், கோழி எல்லாம் விலை ஏறிக் கிடந்த நேரம். பின்னால நாலு போத்தல் உருண்டதைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தோம். எங்கள்ல ரெண்டு பேர் அந்தப் பக்கம் போய் ஒரு கிளாஸ் வாங்கிக்கவும் செஞ்சோம். இந்த வருஷம் அது நாப்பத்தொண்ணு ஆனதுக்கு அந்த ஐந்நூறும் ஒரு காரணம். நிர்வாகத்துல இதைச் சொன்னப்போ, "உபயக்காரங்களைப் பகைச்சுக்க முடியுமா"ன்னு ஒருத்தர் கேட்டார். அவரே இப்ப நம்ம பக்கம் வந்துட்டார். காரணம் அந்த வீடியோ.

ஆமா, வீடியோ எடுத்து டிக்டாக்ல போட்டிருக்காங்க. முன்னால சுருட்டும் பீர் டின்னும், பின்னால நம்ம கோபுரம், பாட்டு வேற. கீழ வந்த கமெண்ட் எல்லாம் நாங்க படிச்சோம், இங்க எழுதல. நம்ம கோவில் நிற்கிற இடத்துக்கு நம்ம பேர்ல நில உரிமை இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால தோட்டத்துல நட்ட கல், இப்ப தோட்டம் யார் யார் கைக்கோ மாறிடுச்சு. மனு எழுதி, படம் ஒட்டி, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கிட்டு இருக்கோம். "இது வழிபாட்டு இடம், குடும்பங்கள் வர்ற இடம்"னு அந்த மனுவுல எழுதியிருக்கோம். எதிர்ப்பக்கம் ஒருத்தர் அந்த வீடியோவைக் காட்டினா நாங்க என்ன பதில் சொல்றது? வழிபாட்டு இடத்துல புகைபிடிக்கிறதே சட்டப்படி தடை. சாமி கையில ஒரு சுருட்டுன்னா பேசிப் புரிய வைக்கலாம். மாமரத்தடியில எட்டுப் பேர் புகையை எந்தச் சாமி பேர்ல எழுதுறது?

இன்னொண்ணு, அந்த ரெண்டு காரும் ராத்திரி ஒன்றரைக்குத்தான் கிளம்பிச்சு. ஓட்டினவங்க குடிக்கலைன்னு சத்தியம் பண்ண எங்களால முடியாது. 2020 அக்டோபர்ல இருந்து ரத்தத்துல நூறு மில்லிக்கு ஐம்பது மில்லிகிராம் தாண்டினாலே குத்தம், ஜெயில் வரைக்கும் போகும். முன்னெல்லாம் எண்பது. வாசல்ல எலுமிச்சம்பழம் வெச்சு டயர் ஏத்தி அனுப்புறோம். ஓட்டுறவர் குடிச்சிருந்தா அந்தப் பழம் பாவம் என்ன பண்ணும்?

மரப்பெட்டித் தம்பி இதைப் படிப்பார்னு தெரியும். உங்களைக் கோவிலுக்கு வராதீங்கன்னு சொல்லல. நீங்கதான் அன்னிக்கு மேள செட்டுக்கு வண்டி கொடுத்தீங்க, மறக்கல. அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க, அது போதும். வீடியோவை எடுத்துடுங்க.

நிர்வாகத்துல பேசி முடிவானது இது. வர்ற பௌர்ணமி பூசையில இருந்து ஐயாவுக்கு ஒரு சுருட்டு, ஒரு போத்தல், கோவில் கணக்குலயே வாங்கி வைக்கிறோம். பூசை முடிஞ்சதும் அது மரத்தடி மண்ணுக்கு. தனியா வேண்டுதல் இருக்கிறவங்க ஒரு சுருட்டு கொண்டு வந்து தொண்டர்கிட்ட கொடுங்க, வரிசைப்படி வைப்போம். ஐஸ் பெட்டி வாசல் தாண்டாது, அது யார் உபயமா இருந்தாலும் சரி. உருமிப் பையன்களுக்குப் பால், மைலோ, ரொட்டி தனியா வைக்கிறோம், அதுக்கு உபயம் எடுக்க விரும்புறவங்க இருந்தா சொல்லுங்க. போன வாரம் வராத அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் போறோம், கூட வர்றவங்க காலையில பசியாறிட்டு ஒன்பது மணிக்குக் கோவில் வாசல்ல நில்லுங்க.

சுருட்டு கொண்டு வர்றவங்களுக்கு ஒண்ணு மட்டும்: ரெண்டு பக்கமும் திறந்த பழைய சுருட்டா பாத்து வாங்கிட்டு வாங்க. கோவில்ல கட்டர் கிடையாது.