நுரைக்கு ஒரு சட்டம்

சோப்பு, சலவைத்தூள், பாக்கெட் உணவு தயாரிப்பவர்கள் மீது அரசு ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவரப் போகிறது என்ற பேச்சு எழுந்தாலே, தொழில்துறை தரும் பதில் ஒன்றுதான்: விதிகள் கூடினால் புதுமை செத்துப்போகும், விலை ஏறும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறைகளின் நூறாண்டு வரலாறு அதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. நாம் துணி துவைக்கும் தூளும் வாங்கித் தின்னும் பிஸ்கட்டும் இன்று முன்பைவிடத் தீங்கு குறைந்தவையாக இருப்பதற்குக் காரணமான மாற்றங்களில் முக்கியமானவை, சட்டம் நெருக்கிய பிறகே ஆலைக்குள் நுழைந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சலவைத்தூள் சோப்பை ஓரங்கட்டியது. உப்புத் தண்ணீரிலும் அது அழுக்கெடுக்கும், விலையும் மலிவு. அதன் உயிர்நாடி, பெட்ரோலிய வாயுவான புரொப்பிலீனைக் கொண்டு செய்த ஆல்கைல் பென்சீன் சல்பனேட். அந்த வேதிப்பொருளின் கார்பன் சங்கிலி முள்கிளை போலப் பல பக்கமும் பிரிந்து நிற்கும். ஆற்றிலும் சுத்திகரிப்புத் தொட்டியிலும் வாழும் பாக்டீரியாக்கள் நேரான சங்கிலியை நுனியிலிருந்து அரித்துத் தின்றுவிடும். கிளை குறுக்கிட்டால் திணறி நின்றுவிடும். அதனால் துவைத்த தண்ணீரோடு போன வேதிப்பொருள் அழியாமல் ஆற்றில் சேர்ந்தது. 1950களில் ஜெர்மனியின் ஆறுகளில் மதகுகளுக்குக் கீழே நுரை குவிந்து கிடந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றி, சலவைப்பொருள் 80 சதவீதமாவது சிதைய வேண்டும் என்று விதித்து, 1964 அக்டோபரைக் கெடுவாக வைத்தது. மண்ணெண்ணெயிலிருந்து நேர்ச்சங்கிலிகளை மட்டும் மூலக்கூறுச் சல்லடையால் பிரித்தெடுக்கும் முறை அதே காலத்தில் ஆலை அளவுக்கு வளர்ந்தது. 1965இல் அமெரிக்க உற்பத்தியாளர்களும் மாறிவிட்டார்கள். சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபிராடக்ட்ஸ் ஆலை தயாரிக்கும் லீனியர் ஆல்கைல் பென்சீன் அந்த மாற்றத்தின் வழிவந்த சரக்குதான். சட்டம் எந்த வேதியியலையும் கண்டுபிடிக்கவில்லை என்பது உண்மை. சோதனைக் கூடத்தில் கிடந்ததை ஆலைக்கு இழுத்து வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இழுப்பு இல்லாமல் அது வந்திருக்காது.

உணவிலும் இதுவே நடந்தது. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். அதை விரைந்து கையில் எடுத்தது இங்கிலாந்தின் கிராஸ்ஃபீல்டு என்ற சோப்பு நிறுவனம். சோப்புக்கு மலிவான கொழுப்பு வேண்டும் என்பதே அதன் கவலை. 1911இல் இன்னொரு சோப்பு நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிள் அதே முறையில் செய்த கிரிஸ்கோவைச் சமையலறைக்கு அனுப்பியது. இந்தியாவுக்கு 1937இல் டால்டா என்ற வனஸ்பதி வந்தது. பேக்கரிக்காரருக்கு அது வரப்பிரசாதம். பப்ஸ் மாவை மடித்து மடித்துத் தேய்க்கும்போது நடுவே தடவிய கொழுப்பு உருகி ஓடாமல் நின்றால்தான் அடுப்பில் ஏடு ஏடாகப் பிரியும். வனஸ்பதி அப்படி நிற்கும், எளிதில் சிக்குப் பிடிக்காது. அந்தக் கெட்டித்தன்மையோடு சேர்ந்து வந்ததுதான் டிரான்ஸ் கொழுப்பு. அது கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பைக் குறைக்கிறது என்று 1990இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. 2003இல் டென்மார்க், கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் அது கூடாது என்றது. அங்கே கேக்கும் பிஸ்கட்டும் கடையிலிருந்து மறைந்துவிடவில்லை. கொழுப்பை வேறு வகையில் கலந்து, பிரித்து, மாற்றியமைக்கும் முறைகள் அதே வேலையைச் செய்தன. இந்தியா 10 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, 2022 ஜனவரியில் அதே 2 சதவீதத்துக்கு வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட விதிகள் சிறு உற்பத்தியாளரை நசுக்கிவிடும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சலவைத்தூள் கலந்து விற்பவருக்கு ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. ஆனால் அவர் செய்வது என்ன? அழுக்கெடுக்கும் பொருளான ஆசிட் ஸ்லரியைக் கேனில் வாங்கி, சோடா உப்போடு கலந்து, உலர்த்திச் சலிக்கிறார். ஸ்லரிக்கு மூலப்பொருள் தரும் பெரிய ஆலை நேர்ச்சங்கிலிக்கு மாறிவிட்டால், கொட்டகைக்காரர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விதி விழ வேண்டிய இடம் விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தப் பெரிய ஆலைகள்தான். கொட்டகைதோறும் ஆய்வாளரை அனுப்புவது நோட்டீசுக்கும் கையூட்டுக்கும்தான் வழிவகுக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒன்றைத் தடுத்தால் அதைவிட மோசமான வேறொன்று வந்து உட்காரும் என்கிறார்கள். டிரான்ஸ் கொழுப்பு போன இடத்தில் பல பண்டங்களில் பாமாயில் வந்திருக்கிறது. அதன் நிறைவுற்ற கொழுப்பும் அதற்காக அழிந்த இந்தோனேசியக் காடுகளும் சிறிய விஷயமல்ல. இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அதனால்தான் விதி எழுதும் முறை முக்கியம். ஜெர்மானியச் சட்டம் எந்த வேதிப்பொருளின் பெயரையும் பிடித்துக்கொள்ளாமல், எவ்வளவு சிதைய வேண்டும் என்ற விளைவைக் கேட்டது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களைக் கிருமிநாசினிச் சோப்புகளிலிருந்து விலக்கியபோது, சாதாரண சோப்பைவிட இவை மேலானவை, நீண்ட காலம் பயன்படுத்தினாலும் பாதுகாப்பானவை என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தது. அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. புதிதாக வரும் மாற்றுப்பொருளுக்கும் இதே கேள்வியைக் கேட்டால் போதும்.

2019 டிசம்பர் தொடக்கத்தில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெண்ணுரை பரவி, பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடினார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரோடு வந்த சலவைப்பொருள்களை ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டினார்கள். நேர்ச்சங்கிலியும்கூட ஆக்சிஜன் இல்லாத சாக்கடையில் எளிதில் அழியாது. ஆகவே சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள், தூளைக் குறை சொல்லாதீர்கள் என்பவர்கள் பாதி சரி. நிலையம் கட்டாயம் வேண்டும். ஆனால் சலவைத்தூளில் கலக்கும், பாசியை ஊட்டி வளர்க்கும் பாஸ்பேட்டைச் சாதாரணச் சுத்திகரிப்பு முழுதாக எடுத்துவிடாது. அதைத் தூளிலேயே குறைப்பதுதான் மலிவு. ஹென்கல் நிறுவனம் 1970களிலேயே பாஸ்பேட்டுக்குப் பதில் ஜியோலைட்டைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜூன் 30 முதல், ஒரு முறை துவைக்கப் போடும் அளவில் பாஸ்பரஸ் அரை கிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்துவிட்டது. அங்கே அந்த விதிக்குள் விற்கும் பன்னாட்டு நிறுவனங்கள் நம் கடைகளிலும் இருக்கின்றன. செய்முறை அவர்கள் கையில் இருக்கிறது. டிரான்ஸ் கொழுப்புக்குச் செய்ததுபோல, பாஸ்பேட்டுக்கும் கட்டாய உச்சவரம்பையும் அது படிப்படியாக இறங்க வேண்டிய தேதிகளையும் மத்திய அரசு அறிவிக்க வேண்டும்.