பிள்ளைகளாவது படிக்கட்டும் என்போரிடம் சில கேள்விகள்

மேலப்பாளையத்தில், சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் சகோதரி ஒருவரிடம் படிப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை, பிள்ளைகளாவது படிக்கட்டும்." கேட்பவர் உள்ளம் உருகிப் போகிறார். மேடையேறுவோர் இதனைத் தாய்மையின் தியாகம் என்று புகழ்கின்றனர். அச்சொல்லில் அன்பு நிறைந்திருப்பதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும், முப்பது வயதில் ஒருத்தியைக் கல்வியிலிருந்து ஓய்வு பெறச் செய்து வீட்டில் அமர்த்திவிடும் தந்திரமும் அதே சொல்லுக்குள்தான் இருக்கிறது. அதனைத் தாமே சொல்லித் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளுமாறு நம் பெண்களைப் பழக்கியிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

அரசும் இதே பல்லவியைத்தான் பாடுகிறது. பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அந்நலநிதியின் வழியே வந்த கல்வி உதவித்தொகை தொழிலாளியின் மகனுக்கு உண்டு, மகளுக்கு உண்டு. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கொடுத்த அந்தத் தாயே பட்டப்படிப்பில் சேர விரும்பினாலோ, அத்திட்டத்தில் அவருக்கு இடமில்லை. அரசை விடுவோம், நாம் மட்டும் என்ன செய்துவிட்டோம்? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதன்மை பெற்ற பிள்ளைகளுக்குக் கேடயம் வழங்குகிறோம்; நல்லது. நாற்பது வயதில் தனித்தேர்வராக எழுதித் தேறிய உம்மாவுக்கு அந்த மேடையில் ஒரு நாற்காலி போட நினைத்ததுண்டா?

"இந்த வயதில் எதற்கு?" என்ற கேள்விக்கு மார்க்கச் சாயம் பூசுவோரும் இருக்கின்றனர். தொட்டில் முதல் மண்ணறை வரை கல்வி தேடுமாறு கூறும் வாசகத்தை நபிமொழி என்று மேடைதோறும் முழங்குபவர்களும் இவர்களே. அது ஆதாரபூர்வமான ஹதீஸ் அன்று என்பது ஹதீஸ் கலை வல்லார் அறிந்த செய்தி. ஆதாரமுள்ளது புகாரியிலேயே இருக்கிறது. பெண்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, ஆண்களே தங்கள் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று முறையிட்டு, தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு வேண்டினர். பெருமானார் ஒதுக்கித் தந்தார்கள். அன்று அவர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயரைப் பற்றியது. அங்கே வந்து அமர்ந்தவர்கள் பள்ளிச் சிறுமியர் அல்லர் என்பது அதிலிருந்தே விளங்கவில்லையா? குடும்பச் சுமையுள்ள பெண்களின் வசதிக்காக அங்கே வகுப்பு நேரம் மாறியது. இங்கோ, வகுப்பு நேரத்திற்கு ஒத்துவராத பெண் வகுப்பையே விட்டுவிட வேண்டியிருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவரான அல்-கஃப்பால் அல்-மர்வஸி (மறைவு ஹிஜ்ரி 417) பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர். கஃப்பால் என்ற பெயரே அதனால் வந்தது. ஏறத்தாழ முப்பது வயதில்தான் அவர் பட்டறையிலிருந்து பாடத்திற்கு வந்தார்.

சரி, படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் கணவன்மாருக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். வளைகுடாவிற்குப் புறப்பட்டவர்களில் பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டு ஒரு வகை, தேறியவரின் கடவுச்சீட்டு வேறு வகை. முன்னவர் குடியேற்ற அனுமதிக்காக அலைந்த அலைச்சலை நம் ஊர் நன்கு அறியும். ஒரு சான்றிதழின் விலையைத் தோளில் சுமந்து கற்றவர்களே, மனைவி அதனைக் கேட்கும்போது "அது எதற்கு உனக்கு?" என்கிறார்கள்!

பட்டம் பெற்றால் உடனே வேலை கதவைத் தட்டும் என்று நான் ஆசை காட்டவில்லை. ஆசை காட்டுபவர்களிடம் எச்சரிக்கை வேண்டும் என்றே சொல்வேன். பள்ளிப் படிப்பின்றியே நேராகப் பட்டம் என்று விளம்பரம் செய்த காலம் ஒன்று இருந்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலைக் கல்வி வழியே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் வராத பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கத்தக்கவை அல்ல என்று தமிழக அரசும் அதே ஆண்டில் ஆணையிட்டது. குறுக்கு வழியில் அனுப்பப்பட்டவர்கள் பணத்தையும் இழந்தார்கள், ஆண்டுகளையும் இழந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர் வரிசையாக ஏறினால் பட்டம் பெறக் குறைந்தது ஆறாண்டு ஆகும். முப்பத்தைந்தில் தொடங்கினால் நாற்பத்தொன்று. தொடங்காமல் இருந்தாலும் அந்த நாற்பத்தொன்று வரத்தான் போகிறது.

கதவுகள் இல்லாமல் இல்லை. அஞ்சல்வழிக் கல்வியை டில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் வந்தது; தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. முறையான அனுமதியோடு தொலைநிலையில் பெறும் பட்டமும் கல்லூரிப் பட்டத்திற்குச் சமமே என்று பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. 1971 முதல் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி அருகிலேயே நிற்கிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசும் பாளையங்கோட்டை கூப்பிடு தூரம். இத்தனை இருந்தும் தடுப்பது எது?

நேரம்! தொடர்பு வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. நம் நிக்காஹ் விருந்துகளும் அந்த ஞாயிறன்றுதான். வகுப்புக்காக விருந்துக்கு வராத மருமகளை எந்த மாமியார் மன்னிப்பார்? பதினைந்து ஆண்டுகள் பேனா பிடிக்காத கை, மூன்று மணி நேரத் தேர்வை எழுதி முடிக்க மாதக்கணக்கில் பழக வேண்டும். பழகுவதற்கோ ஒரு மேசை கூட இல்லை. வீட்டில் பிள்ளைக்குப் படிக்கும் மூலை உண்டு. உம்மாவுக்கு அடுப்பங்கரையும் சுளகும்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் கண்ணூரில் இதே பீடித் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டிருந்தனர். ஒருவர் நாளிதழையோ புதினத்தையோ உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். வாசிப்பவருக்குக் குறையும் பீடியை மற்றவர்கள் தம் பங்கிலிருந்து ஈடு செய்தனர். 1969இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. அதே வட்டாரமான காசர்கோட்டில் இளமையில் பீடி சுற்றி, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பின்னர் திரும்பிய சுரேந்திரன் கே. பட்டேல் வழக்கறிஞரானார். குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, மளிகைக் கடையில் வேலை பார்த்து, நாற்பதை ஒட்டிய வயதில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலையும் முடித்தார். 2023இல் டெக்சாஸில் மாவட்ட நீதிபதியாகப் பொறுப்பேற்றார். நாளிதழ்கள் எல்லாம் அவரைக் கொண்டாடின. அவர் மனைவி செவிலியர் என்பதையும், அக்குடும்பம் ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்ததே அம்மையாரின் வேலையை முன்னிட்டு என்பதையும் எத்தனை பேர் கவனித்தோம்? கணவன் திரும்பிப் படிக்கையில் மனைவி தோள் கொடுப்பது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. மனைவி திரும்பிப் படிக்கையில் தோள் கொடுப்பவர் யார்?

ஜமாஅத்துப் பெரியோர்களிடம் நிதி கேட்கவில்லை. பெண்கள் வந்து போகத்தக்க ஒரு கூடம் கேட்கிறேன்; பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, லுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம்; தனித்தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பவும் பாடம் சொல்லவும் நம் கல்லூரி மாணவியர் இருவர். கல்லூரிகளிடம் கேட்பது, மாலையில் பூட்டும் வகுப்பறைகளில் இரண்டை இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பதை. கணவன்மாரிடமும் வளர்ந்த மகன்களிடமும் கேட்பதுதான் பெரிது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் சுற்றாமல் விட்ட பீடியை, மாலையில் கடையில் கணக்குக் கொடுக்கும் முன்பு, கண்ணூரில் செய்ததைப் போல நீங்கள் உட்கார்ந்து சுற்றிக் கொடுப்பீர்களா?