பக்கத்து வீட்டார் தந்த காட்டு வான்கோழி



திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "அக்கா, என் மகள் கல்யாணமாகி உங்கள் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறாள். இது அவளுக்கு ஐந்தாவது மாதம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டைக்குப் போகிறவராம். இந்த சீசனில் காட்டு வான்கோழி கிடைத்தால் ஒன்று உங்களுக்குத்தான் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாராம். வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வாங்கினால் எப்படிச் சுத்தம் செய்வது? நாட்டுக்கோழி மாதிரியே வைக்கலாமா? பிள்ளைத்தாய்ச்சி சாப்பிடலாமா?"

அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். இருந்தாலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற அம்மாக்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்களே, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கும் வருஷா வருஷம் வசந்த காலத்தில் ஒரு பறவை வந்துவிடுகிறது. இதை விலைக்கு விற்க இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே கொடுக்கிறவர் அன்பாகத்தான் கொடுக்கிறார். அதை மதிக்கத்தான் வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் ஈய ரவையால் சுட்ட பறவையைச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது. சுடும்போது ரவையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் சதைக்குள் சிதறிப் போகலாம். ஈயம் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது. அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு ஈய ரவையை 1991-லிருந்து நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் வான்கோழி வேட்டையில் பல மாநிலங்களில் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் ரவைகளும் விற்கின்றன. அதனால் பெரியவரிடம் கூச்சப்படாமல், "தாத்தா, எந்த ரவை போட்டீர்கள்?" என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். ஈயம் என்றால் மாப்பிள்ளை சாப்பிடட்டும், மகளுக்குக் கடைக் கோழி வைத்துக் கொடுக்கலாம்.

இன்னொன்று. 2022 முதல் இங்கே காட்டுப் பறவைகளிடையே பறவைக் காய்ச்சல் பரவியிருக்கிறது. சோர்ந்து கிடந்த பறவை, தானாகச் செத்த பறவை என்றால் தொடவே வேண்டாம். நல்ல பறவையானாலும் சுத்தம் செய்கிறவர் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேலை கர்ப்பிணிக்கு வேண்டவே வேண்டாம். மாப்பிள்ளைக்கு வேலை வைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்!

இனி சுத்தம் செய்கிற முறை.

சுட்டவுடன் குடலை எடுத்துப் பறவையைக் குளிர வைத்துவிட வேண்டும். மே மாத வெயிலில் காரின் பின்னால் அரை நாள் கிடந்தால் போச்சு. எப்போது சுட்டது, குடல் எடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். புளித்த வாடை அடித்தாலோ, வயிற்றுப் பக்கம் பச்சை பூத்திருந்தாலோ, ஐயோ பாவம் என்று பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

தோலோடு வேண்டுமானால் இறகு பறிக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, தோல் வெந்து கிழிந்துவிடும். 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில், காலைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் வரை முக்கி எடுத்தால் இறகு சுலபமாக வரும். மிச்சமிருக்கும் பூ மயிரை நெருப்பில் வாட்டிவிடலாம். குழம்புக்கு மட்டும்தான் என்றால் இத்தனை பாடு எதற்கு? தோலையே உரித்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கழுத்தடியில் இரைப்பை இருக்கும். விதையும் பூச்சியுமாக நிறைந்திருக்கும். அதைக் கிழியாமல் பிரித்து எடுங்கள். வசந்த காலத்து ஆண் பறவையின் நெஞ்சில், கடற்பஞ்சு மாதிரி கொழகொழவென்று ஒரு கொழுப்புத் திட்டு உண்டு. இணை தேடித் திரியும் காலத்தில் சரியாக இரை எடுக்காது, அப்போது தாங்குவதற்காகச் சேர்த்து வைப்பது அது. நாட்டுக்கோழி பார்த்த கண்ணுக்குப் புதிதாக இருக்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வாடை அடிக்கும், வெட்டி எறிந்துவிடுங்கள்.

ஈரலை ஒட்டி இருக்கும் பச்சைப் பித்தப்பையைக் குத்திவிடக் கூடாது. உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நுரையீரலை விரலால் வழித்து எடுங்கள். வாலின் மேலிருக்கும் எண்ணெய்க் குமிழையும் அறுத்துவிடுங்கள்.

அடுத்து ரவை தேடும் வேலை. வேட்டைக்காரர்கள் தலைக்கும் கழுத்துக்குமே குறி வைப்பார்கள் என்றாலும் ஒன்றிரண்டு உடம்பிலும் பட்டிருக்கும். சதையில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டிய துளை தெரிந்தால் அதற்குள் பாருங்கள். பெரும்பாலும் இறகுத் துணுக்கையும் இழுத்துக்கொண்டுதான் ரவை உள்ளே போயிருக்கும். ரவையை மட்டும் எடுத்தால் போதாது, சுற்றியுள்ள சதையையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈய ரவை என்று தெரிந்தால் தயிர், எலுமிச்சை, வினிகர் போட்டு ஊறவைக்க வேண்டாம், குழம்பிலும் புளி வேண்டாம். புளிப்பு பட்டால் ஈயம் அதிகமாகக் கரைந்து இறங்கும். நாம் இறைச்சி என்றாலே தயிரைத் தேடுகிறவர்கள் ஆயிற்றே, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவினால்தான் நமக்குத் திருப்தி. ஆனால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் கிருமி நாலு பக்கமும் தெறிக்கிறது என்று இப்போது வேண்டாம் என்கிறார்கள். ரத்தமும் இறகும் ஒட்டியிருந்தால் ஓர் அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பிறகு தொட்டி, பலகை, கத்தி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி வாசனையில்லாத பிளீச் கலந்து துடைத்தால் இன்னும் நல்லது. கறியை ஃபிரிட்ஜில் ஓரிரு நாள் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசரில்தான்.

நெஞ்சுக்கறியையும் காலையும் ஒன்றாகப் போடாதீர்கள். காட்டிலே நடந்து திரிந்த கால் அது. உள்ளே ஈர்க்குச்சி மாதிரி விறைத்த நரம்புகள் இருக்கும். மிளகு, தனியா, சின்ன வெங்காயம் அரைத்துப் போட்டு, குக்கரில் முக்கால் மணி நேரம், சாதாரணப் பாத்திரமானால் இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வையுங்கள். வெந்ததும் நரம்பை உருவிவிடலாம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு கிடையாது. அதிக நேரம் வைத்தால் மரக்கட்டைதான். சின்னதாக நறுக்கி எண்ணெயில் வறுவலாகச் சட்டென்று செய்துவிடுங்கள். ஆனால் எந்தத் துண்டானாலும் உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். இங்கே கறிக்குள் செருகிப் பார்க்கிற தெர்மாமீட்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சாப்பிடும்போது மெதுவாக மெல்லுங்கள், தப்பிப்போன ரவை பல்லை உடைத்துவிடும்.

காட்டு வான்கோழி இங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 1937-இல் துப்பாக்கி, தோட்டா வரியைக் காட்டுயிர்களுக்கென்று ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். பிற்பாடு காட்டுப் பறவைகளை வலையில் பிடித்து, இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டு, மீட்டெடுத்தார்கள். அப்படித் திரும்பி வந்த பறவை நம் அடுப்புக்கு வருகிறபோது துளியும் வீணாக்காமல் இருப்பதுதான் முறை. எலும்பைக்கூட எறியாதீர்கள், அருமையான மிளகு ரசம் வைக்கலாம். ஈய ரவை பட்ட எலும்பு மட்டும் வேண்டாம்.

குழம்பு நன்றாக வந்தால் காரம் குறைத்து ஒரு கிண்ணம் பெரியவருக்கும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். கொடுத்தவர் வீட்டுக்கு வெறும் பாத்திரம் போகக் கூடாது இல்லையா?