மூத்தம்மாவைக் காணாத கட்டுரை

சென்ற தவணைப் பரீட்சையில் "என் மனங்கவர்ந்த ஒருவர்" என்ற தலைப்பில் மூத்தம்மாவைப் பற்றி எழுதினேன். "அன்பின் சிகரம்", "பண்பின் உறைவிடம்" என்றெல்லாம் எழுதி நல்ல புள்ளியும் பெற்றேன். வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது உம்மா சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்காய். ஆனா இதில எங்கட உம்மாவக் காணல்லியே?"

மூத்தம்மா மௌத்தாகி அப்போது ஆறு மாதங்களே ஆகியிருந்தன. உம்மாவின் கேள்வி என்னைச் சுட்டது.

மனப்பாடம் செய்த அலங்காரத் தொடர்கள் எல்லோருக்கும் பொருந்தும். அதனாலேயே அவை ஒருவரையும் காட்டுவதில்லை என்பது என் கருத்து. அன்றிரவு கட்டுரையைத் திருத்தியபோது மூன்று எளிய வழிகள் எனக்கு உதவின.

முதலாவது, குணத்துக்குப் பதில் செயலைச் சொல்வது. "மிகுந்த பாசமுடையவர்" என்பதை வெட்டிவிட்டு, "வட்டிலப்பத்தில் கஜு நிறைந்த துண்டை எனக்கென்று ஒளித்து வைப்பார்" என எழுதினேன். பாசம் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இரண்டாவது, பொதுவான சொல்லைக் குறிப்பான சொல்லாக்குவது. "தேநீர்" என்பதை "இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ" என்றாக்கினேன். "மெதுவாக நடப்பார்" என்பது "சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார்" என்றானது. "மழை பெய்தது" என்பதைவிட "தகரத்தில் மழை சடசடவென விழுந்தது" என்றால் காதில் கேட்கிறதல்லவா? இரட்டைக்கிளவி இலக்கண வினாவுக்கு மட்டும் உரியதன்று.

மூன்றாவது, வசனத்தின் நீளத்தை மாற்றுவது. நாம் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகிறோம். நீண்ட வசனத்தின் பின் சிறியதொன்றை வைத்துப் பார்த்தேன்: "சுபஹுக்கு எழுந்து, வுழூச் செய்து, தொழுது, அடுப்பை மூட்டிவிட்டு எங்களை எழுப்புவார். இப்போது அந்தக் குரல் இல்லை."

"பரீட்சைக்கு இது சரிவருமா?" என்று தோழியர் கேட்கிறார்கள். பழமொழியும் உவமையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை நம் மொழியின் செல்வங்கள். ஆனால் நாம் கண்டதும் கேட்டதும் முதலில் வரட்டும். அலங்காரம் பிறகு வரட்டும். எவருடைய கட்டுரைக்கும் பொருந்தும் வசனம் நம்முடைய கட்டுரைக்கு எதற்கு?

திருத்தியதை உம்மாவிடம் வாசித்தேன். வட்டிலப்பத்தில் சிரித்தார். சுபஹு வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தோழியரே, அடுத்த கட்டுரையில் ஒரேயொரு வசனத்தையாவது இப்படி மாற்றிப் பாருங்கள். பிறகு அதை வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.