அட்வான்ஸ் வாங்கியாச்சா?

போன வாரம் அரியர் பேப்பர் பற்றி எழுதியதற்கு வந்த திட்டுகளுக்கு நன்றி. இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். பக்கத்தைத் திருப்பிடாதீங்க, ப்ளீஸ்.

'அட்வான்ஸ்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரூம் அட்வான்ஸ், டூர் பஸ் அட்வான்ஸ், அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே? எனக்குத் தறிச் சத்தம்தான் ஞாபகம் வரும். எங்க ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி பக்கம், இன்னும் கொஞ்சம் போனால் ஆந்திரா. நெசவாளர் ஊர். தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவோம். கரன்ட் போய் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். இங்கே ஒருத்தர் முதலாளி மாறினார் என்றால் "கூலி எவ்ளோ?" என்று யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். "அட்வான்ஸ் எவ்ளோ?" என்பதுதான் முதல் கேள்வி.

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷ விளக்கம். கல்யாணம், ஆஸ்பத்திரி, கூரை மாற்றுவது என்று மொத்தமாகப் பணம் தேவைப்படும்போது முதலாளி தருவார். நூலும் அவர்தான் தருவார், நெய்த துணியும் அவருக்குத்தான் போகும். கூலியில் வாராவாரம் கொஞ்சம் பிடிப்பார். அந்தக் கணக்கு முடிகிற வரை வேற இடத்துக்குப் போக முடியாது. அவசரமாகப் போகணும் என்றால் புது முதலாளி பழைய கணக்கைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கிட்டத்தட்ட ஐ.பி.எல். ட்ரான்ஸ்ஃபர் மாதிரி, கோடி மட்டும் இல்லை.

எங்க ஆயா எட்டு வயசில் தார் சுற்ற உட்கார்ந்தவர். மூணாங்கிளாஸோடு படிப்பு முடிந்தது. அவங்க அப்பா வாங்கின அட்வான்ஸ் எவ்வளவு என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. "கழியலைன்னு சொன்னாங்க, சுத்திக்கினே இருந்தேன்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

சரி, இதை ஏன் இப்போ எழுதறேன்?

எங்க காலேஜ் பக்கம் ஒரு டிபன் கடை. பேர் வேண்டாம். ஆடிக் கிருத்திகை கூட்டத்தின்போது அங்கே ஒரு பையன் புதுசாக வந்தான். டேபிள் துடைப்பான், தண்ணீர் வைப்பான். மேல் ஷெல்ஃபில் இருக்கும் டம்ளரை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுவான். எல்லையோர ஊர்க்காரி என்பதால் எனக்குக் கொஞ்சம் தெலுங்கு வரும். "நீ வயசெந்த?" என்று கேட்டேன். தெலுங்கில் கேட்ட கேள்விக்கு, மனப்பாடம் பண்ணின மாதிரி, தமிழில் பதில் வந்தது: "பதினெட்டு."

பதினெட்டு! எங்க ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர்களே பதினெட்டுதான். இவனுக்குப் பன்னிரண்டு, மிஞ்சிப்போனால் பதிமூணு இருக்கும். "ஊருக்கு எப்போ போவே?" என்றேன். முதலாளி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான், அப்பா வாங்கின காசு கழிந்ததும் போவானாம்.

அன்றைக்குப் பூரி இறங்கவில்லை.

என் ரூம்மேட் "நமக்கெதுக்குடி வம்பு?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நானும் மூணு நாள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன் பண்ணினால் பையனை அடிப்பாங்களோ? வேலை போனால் அவங்க வீட்டில் என்ன ஆகும்? அந்த மூணு நாளில்தான் கிளாஸில் பின் பெஞ்சில் உட்கார்ந்து சட்டம் படித்தேன். (மெக்கானிக்ஸ் சார், மன்னிக்கவும்.)

முதலில் ஒரு குழப்பம் தீர்ந்தது. தமிழில் 'ஆட்கடத்தல்' என்றால் நமக்கு மாருதி வேன், மயக்க மருந்து கர்ச்சீப், வில்லன் சிரிப்பு எல்லாம் ஞாபகம் வருகிறது. சட்டம் பேசும் கடத்தல் வேற. சுரண்டுவதற்காக ஒருத்தரை மிரட்டியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ, அதிகாரத்தைப் பயன்படுத்தியோ வேலைக்குச் சேர்ப்பது, கூட்டிப் போவது, தங்க வைப்பது எல்லாமே அதில் அடங்கும். பெற்றவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதும் அடங்கும். 2013ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370வது பிரிவாக வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 143வது பிரிவு. கடத்தப்பட்டவர் "நானாகத்தான் வந்தேன்" என்று சொன்னாலும் குற்றம் குற்றம்தான். குழந்தை என்றால் குறைந்தது 10 வருஷம், அதிகபட்சம் ஆயுள்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. 2013 பிப்ரவரியில் அவசரச் சட்டமாக வந்தபோது சுரண்டல் என்பதற்கான விளக்கத்தில் 'கட்டாய உழைப்பு' என்ற சொல் இருந்தது. பார்லிமென்ட்டில் சட்டமாக நிறைவேறியபோது அந்தச் சொல்லைக் காணோம்! அடிமைத்தனம், அதைப் போன்ற நடைமுறைகள் என்றெல்லாம் இருப்பதை வைத்துத்தான் வாதாட வேண்டும். ஆட்கடத்தலுக்கென்றே முழுசாக ஒரு தனிச் சட்டம் 2018ல் லோக்சபாவில் நிறைவேறி, ராஜ்யசபாவுக்குப் போகாமலே 2019ல் காலாவதியானது.

ஆனா பாஸ், அட்வான்ஸுக்கு எதிரான சட்டம் நாம பிறப்பதற்கு முன்னாடியே இருக்கு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. இதைப் படித்தபோது நிஜமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன். சங்கிலி, சவுக்கு எதுவும் தேவையில்லை. முன்பணம் வாங்கினதால் ஒருத்தருக்கு வேற வேலைக்குப் போகிற சுதந்திரம் போனாலோ, நினைத்த இடத்துக்குப் போகிற உரிமை போனாலோ, தன் உழைப்பில் விளைந்த பொருளை மார்க்கெட் விலைக்கு விற்கிற உரிமை போனாலோ, பேருக்கு ஒரு கூலி கிடைத்தாலோ அது கொத்தடிமை முறை. அந்தக் கடன் செல்லாது. ஒத்தி வைக்கிறதோ தவணை போடுறதோ இல்லை, மொத்தமா ரத்து. திருப்பி வாங்குவதே குற்றம். கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், 'இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது பணம் கொடுத்தவர். 1982ல் ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு, அரசியலமைப்பின் 23வது பிரிவுக்கு விரோதம் என்றது.

தண்டனைதான் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கிறது. 3 வருஷம் வரை ஜெயில், 2,000 ரூபாய் வரை அபராதம். 1976ல் 2,000 பெரிய தொகை. இன்றைக்கு நம்ம செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் ரேஞ்ச்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதை இல்லை, நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக் கதை. நம்ம பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். அங்கே நுவாகாய் என்று ஓர் அறுவடைத் திருவிழா, நம்ம பொங்கல் மாதிரி. கையில் காசில்லாத அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் அட்வான்ஸோடு வந்து நிற்பார். வாங்கிவிட்டால் ரயிலேறி ஐந்தாறு மாதம் சூளையில். 2011ல் இந்த மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள், குழந்தைகள் உள்பட. உள்ளூரில் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இதே அட்வான்ஸில் மாட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் இருளர் குடும்பங்கள்.

சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. எங்க ஊரில் நெய்த துணிக்கு இவ்வளவு என்று. இரண்டிலுமே எண்ணிக்கைதான் கணக்கு, யார் கை செய்தது என்று நோட்டில் இருக்காது. அப்பா அச்சில் மண் அடிப்பார், அம்மா மண் பிசைவாள், பிள்ளை காய்கிற கல்லைத் திருப்பிப் போடும். நோட்டில் ஏறுவது அப்பா பேர் மட்டும். கடன் சீக்கிரம் கழியணும் என்றால் கை கூடணும், வீட்டில் மிச்சம் இருக்கிற கை குழந்தையின் கை. முதலாளி "குழந்தையை வேலைக்கு வை" என்று சொல்லவே தேவையில்லை! இது புரிந்ததும், மாவட்டத்தில் சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியா பாடப்புத்தகம், ஒடியா டீச்சர் என்று வகுப்புகள் நடத்தினது எவ்வளவு நல்ல ஐடியா என்றும் புரிந்தது. வகுப்பில் இருக்கிற நேரத்துக்காவது அந்தக் கை கல் திருப்பாது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லணும். நானும் தார் சுற்றியிருக்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல் திருத்தி, 14 வயசுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். ஒரே விலக்கு, ஆபத்தில்லாத குடும்ப வேலையில் ஸ்கூல் நேரம் போக உதவலாம் (சினிமா, டி.வி.யில் நடிப்பது தனிக் கதை). அதற்கான விதிகள் 2017ல் வந்தன. அதிலும் ராத்திரி 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது. அப்போ நான் ஆறாவது. ஹோம்வொர்க் முடித்து நான் ராட்டையில் உட்கார்ந்ததே எட்டு மணிக்குத்தான். யாரும் என்னை அடிக்கவில்லை, ஸ்கூலை நிறுத்தவில்லை. "படி பாப்பா, போதும் எழுந்திரு" என்றுதான் அப்பா சொல்வார். ஆனாலும் அந்தத் தார் போய்ச் சேர்ந்தது அப்பாவின் அட்வான்ஸ் கணக்கில்தானே?

நாலாம் நாள் 1098க்கு போன் பண்ணினேன். 1996ல் மும்பையில் தொடங்கின சைல்டுலைன் நம்பர், 2023லிருந்து அரசே நடத்துகிறது. பயந்த மாதிரி எதுவும் இல்லை. கடை எங்கே, பையன் எந்த நேரம் இருப்பான், என்ன சொன்னான் என்று பொறுமையாகக் கேட்டார்கள். அந்த 'அப்பா வாங்கின காசு' விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். ரெண்டு நாளில் ஜீப் வந்தது. மீட்கிற குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், கூட்டிப் போனார்கள். கடைக்காரர் ஒரு வாரம் "எவன் போன் பண்ணான்?" என்று எல்லோரையும் கேட்டார். 'எவன்' என்றே கேட்டதால் நான் தப்பித்தேன். இப்போ நாங்க வேற கடையில் சாப்பிடுகிறோம், சட்னி சுமார்தான்.

ஆனால் வண்டி போன பிறகும் ஒரு கேள்வி பாக்கி. பையன் சரி, கடன்? குழந்தைத் தொழிலாளர் வழக்கு மட்டும் போட்டால் பையன் வெளியே வருவான், கடன் அப்பா தலையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்து தம்பியோ தங்கச்சியோ வரலாம். அதை உடைப்பது ஒரே ஒரு பேப்பர், விடுதலைச் சான்றிதழ். ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர் விசாரித்துக் கொடுப்பது. என்னைக் காலேஜில் சேர்த்ததே தாலுகா ஆபீஸ் கொடுத்த முதல் பட்டதாரி சர்டிபிகேட்தான், அதனால் ஒரு பேப்பர் என்ன பண்ணும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கடன் ரத்து, உடனடி உதவி, மறுவாழ்வுத் தொகை எல்லாம். 2016 திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமை நடந்திருந்தால் 3 லட்சம். இதில் பெரும் பகுதி குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் வரும். கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும் என்று நான் சொல்லணுமா?

திரும்ப 1098க்குப் பேசினேன். கடன் விஷயத்தை ஆர்.டி.ஓ. விசாரணைக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். பேர், ஊர் எதுவும் சொல்ல மாட்டோம் என்றார்கள். அதுவும் சரிதான்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். அவர் தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டே கேட்டார்.

"அப்போ அந்தப் பையன் அப்பா காசைத் திருப்பித் தர வேணாமா?"

"வேணாம்ப்பா. சட்டப்படி செல்லாது."

கொஞ்ச நேரம் தறி மட்டும் ஓடியது. அப்புறம், "அப்போ நான் வாங்கினது?" என்றார்.

நான் பின் பெஞ்சில் படித்ததையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "நீங்க நாளைக்கே வேற இடம் போறேன்னா உங்க முதலாளி விடுவாராப்பா?"

"ஏன் விட மாட்டாரு? தங்கமான மனுஷன்" என்றார் அப்பா. "கணக்கை முடிச்சிட்டா விட்டுடுவாரு."