படிவுகளுக்கு இடையே போன காலம்

வேங்கிக்கால் ஏரியை ஒட்டிக் கிணறு தோண்டினால் முதலில் வண்டலும் சரளையும் வரும். அடுத்து சிதைந்த பாறை, அதன் கீழ் கடினப்பாறை. அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. வண்டலோ நேற்று வந்தது. புவியின் வரலாற்றில் பாதிக்கு மேல் அந்த ஒரே தொடர்புப் பரப்பில் அடங்கிவிடுகிறது. நாமோ ஆழத்தைக் குறித்து, 'மண்', 'பாறை' என்று எழுதிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போகிறோம்.

இங்காவது இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. படிவின்மேல் படிவு கிடக்கும் அரியலூரில் அப்படியில்லை. 1862-இல் புவியியலாளர் பிளான்ஃபோர்ட் அப்பகுதியின் கிரெட்டேசியப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். காரையில் பெலம்னைட் சிதறிக் கிடக்கும் களிமண்ணுக்கும் அதற்கு மேல் வரும் மணற்கல்லுக்கும் நடுவே அரிப்பு நடந்திருக்கிறது. ஒரே வெட்டுமுகத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது சாதாரணப் பாறை மாற்றமாகவே படும். எல்லைக் கோட்டைக் கிலோமீட்டர் கணக்கில் நடந்து தொடர வேண்டும்: கீழ்ப் படுகைகள் வெட்டுப்பட்டு முடிகின்றனவா, கீழ்ப் பாறையின் உருளைகள் மேல் படிவின் அடியில் கலந்திருக்கின்றனவா, இறுகிய கடல்தரையை உயிரிகள் துளைத்த தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். படுகைகள் இணையாகவே கிடந்து அரிப்பும் தெரியாவிட்டால், வரிசையில் இருக்க வேண்டிய அம்மோனைட் மண்டலமோ நுண்ணுயிர்ப் புதைபடிவ மண்டலமோ இல்லாததுதான் ஒரே சாட்சி. மாதிரியை நெருக்கமாக எடுக்காதவருக்கு அதுவும் கிடைக்காது.

எனக்குப் பெரிய கவலை, தடிமனை ஆண்டுகளால் வகுத்துப் படிவு வேகம் சொல்லும் பழக்கம். கணக்கிடும் கால அளவு நீள நீள வேகம் குறைந்துகொண்டே போவதைப் பீட்டர் சாட்லர் 1981-இலேயே காட்டினார். நீண்ட காலத்துக்குள் அதிக இடைவெளிகள் அகப்படுவதே காரணம். ஆனாலும் வயது–ஆழ வரைபடத்தில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, கடல் அமைதியாக இருந்தது என்று இன்றும் எழுதுகிறோம்.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்று தெரியும் வெட்டுமுகம் அடுத்த வெடிவைப்பில் போய்விடும். ஆகவே இந்த இதழுக்கு அனுப்பும் அடுக்கு விவரணையில் ஒவ்வொரு தொடர்புப் பரப்புக்கும் தனி வரி ஒதுக்குங்கள்: கூர்மையானதா, படிப்படியானதா, மேடுபள்ளம் எவ்வளவு, எத்தனை மீட்டர் தொடர்ந்து பார்த்தீர்கள், எந்தப் புதைபடிவ மண்டலம் விடுபட்டிருக்கிறது. அளவுகோல் வைத்து எடுத்த புகைப்படமும் உடன் வேண்டும்.